இப்னு யஃகூபும் யாகுபோவிச்சும்: போலந்து மக்களின் பெயர் மரபு

அரபுக் கல்லூரியில் பாடம் நடத்தும் நமக்கு மாணவர்களின் கேள்விகளே பல வேளைகளில் புதிய வாசல்களைத் திறந்து விடுகின்றன. ஐரோப்பிய முஸ்லிம்களைப் பற்றிய செய்தி நறுக்கு ஒன்றை மாணவர் ஒருவர் ஒருநாள் நம்மிடம் கொண்டு வந்து காட்டினார். போலந்து நாட்டின் முஃப்தியாக 2004-ஆம் ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பெயர் தோமாஷ் மிஷ்கியெவிச் என்று அதில் காணப்பட்டது. "உஸ்தாத், முஃப்தி ஒருவருக்கு இப்படியும் பெயர் உண்டா? இவர் பிறவி முஸ்லிம்தானா?" என்று அவர் வினவினார். வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. "பெயரே போய்விட்ட பிறகு அவர்களிடம் மிச்சம் என்ன இருக்கப் போகிறது?" என்றார் மற்றொருவர்.

அன்று நாம் உடனே விடை கூற இயலாதவராய் இருந்தோம். அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது போலந்து மக்களின் பெயர் மரபு முழுவதையும் கற்க வேண்டியதாயிற்று. கற்றபின், அச்சிரிப்பு எவ்வளவு பிழையானது என்பதும் விளங்கிற்று. நாம் அறிந்து கொண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரபு நூலில் ஒரு போலந்து மன்னர்

கி.பி. பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தர்தூஷா நகரைச் சேர்ந்த பயணி ஒருவர் நடு ஐரோப்பாவிற்குச் சென்றார். அவர் பெயர் இப்ராஹீம் இப்னு யஃகூப் அத்தர்தூஷீ. அந்தலூஸிய யூதரான அவர் ஏறத்தாழ கி.பி. 965-966-இல் தாம் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை அரபு மொழியில் எழுதி வைத்தார். மூல நூல் நமக்குக் கிடைக்கவில்லை. எனினும் பதினொன்றாம் நூற்றாண்டின் புவியியல் அறிஞர் அல்பக்ரீ தம்முடைய 'அல்மஸாலிக் வல்மமாலிக்' என்னும் நூலில் அதன் பகுதிகளைப் பாதுகாத்துத் தந்துள்ளார். வடபுலத்து மன்னர் ஒருவரின் பெயர் மீம், ஷீன், காஃப், ஹா என்னும் எழுத்துகளால் அதில் குறிக்கப்பட்டுள்ளது. போலந்து அரசின் முதல் வரலாற்று மன்னராகிய மியெஷ்கோவே அவர். அம்மன்னரைப் பற்றிய மிகத் தொன்மையான எழுத்துப் பதிவுகளுள் ஒன்று அரபு மொழியில் அமைந்திருப்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

இங்கே நம் கருத்தை ஈர்ப்பது அப்பயணியின் பெயரமைப்பு. இப்ராஹீம் என்பது இஸ்மு, அதாவது பிறந்தபோது இட்ட பெயர். இப்னு யஃகூப் என்பது நஸபு, தந்தை வழியைக் காட்டுவது. அத்தர்தூஷீ என்பது நிஸ்பத், ஊரைக் காட்டுவது. இவற்றோடு பட்டப்பெயராகிய லகபையும் சேர்த்துக் கொண்டால், போலந்துப் பெயர்களைத் திறக்கும் சாவிகள் நான்கும் நம் கைக்கு வந்துவிடும். 'அபூ', 'உம்மு' எனப் பிள்ளையின் பெயரால் பெற்றோரை அழைக்கும் குன்யத் ஒன்றுக்கு மட்டுமே அங்கு இணையானது இல்லை.

இஸ்மு: இட்ட பெயர்கள்

மியெஷ்கோ கி.பி. 966-இல் ஞானஸ்நானம் பெற்றார். அதற்கு முன்பு போலந்து மக்கள் பெரும்பாலும் இரண்டு சொற்களைப் பிணைத்துப் பெயர் அமைத்தனர். 'ஸ்லாவ்' என்ற இறுதி புகழைக் குறிக்கும். போலெஸ்லாவ் என்றால் மிகுபுகழோன். விளாதிஸ்லாவ் என்றால் புகழோடு ஆள்பவன். வோய்செக் என்னும் பெயரில் போர்வீரன், மகிழ்ச்சி என்ற இரு சொற்கள் இணைந்துள்ளன. ஸ்லாவ் என்று நாம் எழுதினாலும் அவ்விடத்து லகரத்திற்கெனப் போலந்து மொழியில் தனி எழுத்து உண்டு. அதனை அம்மக்கள் வகரம்போல் இதழ் குவித்து 'ஸ்வாவ்' என்றே ஒலிப்பர்.

அரபு கற்றோருக்கு இன்னும் நெருக்கமான பெயர்களும் உள. 'போக்' என்பது அம்மொழியில் இறைவனைக் குறிக்கும் சொல். போக்தான் என்றால் இறைவன் தந்தவன். நம்முடைய அதாவுல்லாஹ், ஹிபத்துல்லாஹ் ஆகியவற்றின் பொருளே அது. போகுமீவ் என்றால் இறைவனுக்கு இனியவன். ஹபீபுல்லாஹ் என்பதன் அருகில் நிற்பது. போகுஹ்வாவ் என்பதில் இறைவனும் புகழ்ச்சியும் இணைகின்றன. ஹம்துல்லாஹ் நினைவுக்கு வருகிறது. மொழிகள் வெவ்வேறாயினும், பிள்ளையைக் கையில் ஏந்தும் பெற்றோரின் உள்ளம் ஒன்றே என்பதற்கு இவை சான்று.

கிறித்தவம் வேரூன்றிய பின் யான், பியோத்தர், பவெல், ஆந்திரேய், கதஜீனா போன்ற பெயர்கள் பெருகின. 1545 முதல் 1563 வரை நடைபெற்ற திரெந்து சங்கத்திற்குப் பின் புனிதர்களின் பெயர்களை இடும் வழக்கம் மேலும் வலுப்பெற்றது. பழைய ஸ்லாவியப் பெயர்களுள் புனிதர்கள் தாங்கியவை நிலைத்து நின்றன. 1079-இல் கொல்லப்பட்ட கிராகூவ் ஆயர் ஸ்தனிஸ்லாவ் 1253-இல் புனிதராக அறிவிக்கப்பட்டதால் அப்பெயர் நிலைபெற்றது ஓர் எடுத்துக்காட்டு. ஒவ்வொரு புனிதருக்கும் நாள்காட்டியில் ஒரு நாள் உண்டு. அந்நாளே அப்பெயருடையவரின் பெயர்நாள். பிறந்தநாளைவிடப் பெயர்நாளைச் சிறப்பாகக் கொண்டாடும் வழக்கம் பெரியவர்களிடையே நெடுங்காலம் இருந்து வந்தது.

மர்யம் (அலை) அவர்களின் பெயராகிய மரியா என்பதைப் பெண்மக்களுக்கு இடப் போலந்து மக்கள் நெடுங்காலம் தயங்கினர். மரியாதையே அத்தயக்கத்திற்குக் காரணம். அதற்கு மாற்றாக மரியன்னா என்று பெயரிட்டனர். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து அரசியாக வந்த மரீ லூயீஸ், போலந்தில் லுத்விகா மரியா என முன்பின் மாற்றி வழங்கப்பட்டார். அர்ரஹ்மான் என்று எவருக்கும் பெயரிடாமல் அப்துர்ரஹ்மான் என்று இடும் நமக்கு, ஒரு பெயரின் முன் அடங்கி நிற்கும் இம்மனநிலை எளிதில் விளங்கும்.

இலக்கண ஆசிரியர்களுக்கு இன்பம் தரும் செய்தி ஒன்றும் உண்டு. போலந்து மொழியில் ஏழு வேற்றுமைகள் உள்ளன. மக்கட்பெயரும் ஒவ்வொரு வேற்றுமையிலும் ஈறு மாறும். விளித்து அழைக்கும்போது ஆதம் என்பவர் ஆதமியே ஆவார். மரியா என்பவர் மரியோ ஆவார். கண்ணன் கண்ணா ஆவதும், அப்துல்லாஹ் என்பவரை 'யா அப்தல்லாஹ்' என்று அழைப்பதும் இத்தகையனவே.

நிஸ்பத்: 'ஸ்கி' என்னும் ஈறு

போலந்துக் குடும்பப் பெயர் என்றதும் நினைவுக்கு வருவது 'ஸ்கி' என்ற ஈறு. இது உரிமையைக் குறிக்கும் பெயரடை விகுதி. புகாராவைச் சேர்ந்தவர் புகாரீ ஆவதும், திர்மிதைச் சேர்ந்தவர் திர்மிதீ ஆவதும் எவ்வாறோ அவ்வாறே தர்னூவ் ஊரினர் தர்னோவ்ஸ்கி ஆயினர். போதோக் ஊரினர் போதோத்ஸ்கி ஆயினர். தொடக்கத்தில் 'இன்ன ஊரைச் சேர்ந்த யான்' என்றே பிரபுக்கள் எழுதி வந்தனர். பதினைந்தாம் நூற்றாண்டளவில் அது 'ஸ்கி' ஈற்றுப் பெயராகத் திரண்டது. நிலமுடைய பிரபுக்களின் அடையாளமாக இருந்தமையால் அவ்வீற்றிற்குப் பெருமதிப்பு உண்டாயிற்று. பின்னர் ஏனைய மக்களும் அதனை விரும்பி ஏற்றனர்.

அரபு நிஸ்பத்தில் ஆணுக்கு மிஸ்ரீ, பெண்ணுக்கு மிஸ்ரிய்யா என்று வருவதுபோல் இங்கும் பால் வேறுபாடு உண்டு. ஆணுக்கு ஸ்கி, பெண்ணுக்கு ஸ்கா. 1867-இல் வார்சாவில் பிறந்த புகழ்பெற்ற அறிவியலாளர் மரியாவின் தந்தை ஸ்க்வொதோவ்ஸ்கி, மகள் ஸ்க்வொதோவ்ஸ்கா. மணத்திற்குப் பின் ஸ்க்வொதோவ்ஸ்கா-கியூரி என இரு பெயர்களையும் அவர் தாங்கினார். 'ஸ்கி' ஈறு இல்லாத பெயர்களில், மனைவிக்கு 'ஓவா' என்றும் மணமாகாத மகளுக்கு 'ஊவ்னா' என்றும் ஈறு சேர்க்கும் வழக்கம் இருந்தது. நோவாக் என்பவரின் மனைவி நோவாகோவா, மகள் நோவாகூவ்னா. இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் பெரிதும் அருகிவிட்டது.

லகபும் தொழிலும்

போலந்தில் மிகப் பரவலான குடும்பப் பெயர் நோவாக். ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் அதனைத் தாங்குகின்றனர். அதன் பொருள் 'புதியவன்' என்பதே. ஊருக்குப் புதிதாக வந்து குடியேறிய எவரோ ஒருவரை அயலார் அவ்வாறு அழைத்திருப்பர். அவருடைய வழித்தோன்றல்கள் இன்றும் 'புதியவர்'களாகவே வாழ்கின்றனர்.

அதனையடுத்துப் பரவலானது கோவால்ஸ்கி. கோவால் என்றால் கொல்லர். நம் நூல்களில் வரும் அல்ஹத்தாத். தையற்காரரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த கிராவ்சிக் என்பது அல்கய்யாத் என்பதற்கு இணை. மாவரைப்போரைக் குறிக்கும் மிவினார்ஸ் என்பது அத்தஹ்ஹான். ஹதீஸ் அறிவிப்பாளர்களின் வரலாற்று நூல்களைப் புரட்டியோருக்கு இப்பட்டியல் அந்நியமாய்த் தோன்றாது. வில்க் என்னும் ஓநாயும், ஸயோந்த்ஸ் என்னும் முயலும், கோவோம்ப் என்னும் புறாவும் குடும்பப் பெயர்களாக உலவுகின்றன.

மன்னர்களுக்கும் லகபுகள் இருந்தன. முதலாம் போலெஸ்லாவ் 'வீரர்' எனப்பட்டார். 1138-இல் மறைந்த மூன்றாம் போலெஸ்லாவ் 'கோணவாயர்' எனப்பட்டார். 1320-இல் முடிசூடிய விளாதிஸ்லாவ், குள்ளமான உருவத்தால் 'முழ உயரத்தார்' என்று வழங்கப்பட்டார். விழி பிதுங்கியவர் என்று பொருள்படும் அல்ஜாஹிள் என்ற பட்டப்பெயராலேயே அரபு உரைநடையின் பேராசான் ஒருவரை உலகம் அறிகிறது. குறையைச் சுட்டிய பெயரும் சான்றோரிடம் சேர்ந்தால் பெருமையடைந்து விடுகிறது.

நஸபு: 'ஓவிச்' என்னும் ஈறு

இனி, நம் மாணவரின் வினாவிற்கு அடிப்படையான பகுதிக்கு வருவோம். 'ஓவிச்' அல்லது 'எவிச்' என்னும் ஈற்றின் பொருள் 'மகன்' என்பதே. யாகுபோவிச் என்றால் யஃகூபின் மகன். தர்தூஷா நகரப் பயணி போலந்திலேயே பிறந்திருப்பாரேயானால் இப்னு யஃகூப் என்னாமல் யாகுபோவிச் என்றே தம்மை அறிமுகம் செய்திருப்பார்!

ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்திற்கொள்ள வேண்டும். அரபு மரபில் நஸபு தலைமுறைதோறும் நகரும். அஹ்மதின் மகன் யஃகூப், யஃகூப் இப்னு அஹ்மத் ஆவார். அவருடைய மகன் மூஸா, மூஸா இப்னு யஃகூப் ஆவார். போலந்து மரபிலோ, ஏதோ ஒரு தலைமுறையில் அந்த நஸபு உறைந்து நின்றுவிட்டது. எந்தத் தந்தையின் பெயரில் அது நின்றதோ அவரே அக்குடும்பத்தின் நிலையான மூதாதையாகி விடுகிறார். பேரனும் கொள்ளுப்பேரனும் அவருடைய 'மகன்' என்றே அழைக்கப்படுவர். இந்த ஈறு லித்துவேனிய, ருத்தேனிய நிலப்பகுதிகளில், அதாவது பழைய போலந்து-லித்துவேனியக் கூட்டரசின் கிழக்குப் பகுதியில் செழித்தது. முஸ்லிம் தாதாரியர் குடியேறியதும் அப்பகுதியிலேயே.

தாதாரிய முஸ்லிம்களின் பெயர்கள்

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் லித்துவேனியப் பெருங்கோமகன் விதோல்து பொற்குழுவின் தாதாரிய வீரர்களைத் தம் நாட்டில் குடியேற்றினார். 1410-ஆம் ஆண்டு கிரன்வால்து போரில் அவருடைய படையில் அவர்களும் நின்று பொருதனர். 1679-இல் மன்னர் யான் ஸொபியெஸ்கி கிருஷினியானி, போஹோனிகி முதலிய ஊர்களை அவர்களுக்கு வழங்கினார். பியாவிஸ்தோக் நகருக்கு அருகிலுள்ள அவ்விரு ஊர்களிலும் மரத்தாலான பள்ளிவாசல்கள் இன்றும் நிற்கின்றன.

சில தலைமுறைகளில் அவர்கள் தங்கள் துருக்கிய மொழியை இழந்து, சூழவிருந்தோரின் பேலாருசிய, போலந்து மொழிகளைப் பேசலாயினர். ஆனால் எழுத்தை இழக்கவில்லை. அம்மொழிகளையே அரபு எழுத்தில் எழுதினர். அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புதிய எழுத்து வடிவங்களைப் படைத்துக் கொண்டனர். கிதாபுகள், ஹமாயில்கள், தஃப்ஸீர்கள் எனப் பல கையெழுத்துப் படிகள் இவ்வாறு உருவாயின. அரபுத் தமிழில் கிதாபுகளை ஓதி வளர்ந்த நம் முன்னோரின் பேரப்பிள்ளைகளுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

பெயர்களிலும் இதுவே நிகழ்ந்தது. அஹ்மாதோவிச் என்னும் குடும்பப் பெயரில் நிற்பவர் அஹ்மத். அஸ்ஸானோவிச் என்பதில் நிற்பவர் ஹஸன். யாகுபோவ்ஸ்கி என்பதில் யஃகூப். ஈறு ஸ்லாவிய மண்ணினுடையது, வேர் நம்முடையது. கிருஷினியானியில் நிலம் பெற்ற படைத்தலைவரின் பெயர் ஸாமுவேல் முர்ஸா கிஷெச்சோவ்ஸ்கி. முதற்சொல் நபிமார் வழி வந்த பெயர்; நடுச்சொல் மிர்ஸா என்னும் தாதாரியப் பிரபுப் பட்டம்; இறுதிச்சொல் போலந்து நிஸ்பத். மூன்று உலகங்கள் ஒரே பெயரில் அமைதியாக அருகருகே அமர்ந்திருக்கின்றன.

குழந்தைக்குப் பெயர் சூட்டும் சடங்கை அவர்கள் 'அஸான்' என்றே அழைக்கின்றனர். அரசுப் பதிவேட்டில் ஒரு பெயரும் சமுதாயத்தில் ஒரு பெயரும் வழங்குவது அவர்களிடையே அரிதன்று. போலந்து விடுதலைக்கு உழைத்து 1916-இல் போர்க்களத்தில் உயிர் நீத்த அலெக்ஸாந்தர் ஸுல்கியெவிச்சின் தாதாரியப் பெயர் இஸ்கந்தர் மிர்ஸா. அலெக்ஸாந்தரும் இஸ்கந்தரும் ஒரே பெயரின் இரு வடிவங்களே. 1925-இல் வில்னோவில் முதல் முஃப்தியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாகுப் ஷின்கியெவிச். 1971-இல் வெளியான ஒரு கண்டுபிடிப்பினால் கரிம வேதியியல் நூல்களில் 'அஹ்மாதோவிச் வினை' என்று ஒன்று இடம்பெற்றுள்ளது. அதனைக் கண்டறிந்த போலந்து வேதியியலாளரின் பெயர் ஒஸ்மான் அஹ்மாதோவிச். அரபில் எழுதினால், உஸ்மான் இப்னு அஹ்மத்.

தானாக வந்ததும் திணிக்கப்பட்டதும்

எல்லாப் பெயர் மாற்றங்களும் இவ்வாறு இயல்பாக நிகழ்ந்தவை அல்ல. போலந்து 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் மூன்று பேரரசுகளால் துண்டாடப்பட்டது. ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787-இல் பிறப்பித்த ஆணையின்படி, அதுவரை தந்தை பெயராலேயே அறியப்பட்ட யூதர்கள் ஜெர்மானியக் குடும்பப் பெயர்களை ஏற்க வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் போலந்தை ஆக்கிரமித்திருந்தபோது, போலிச் சான்றுகளில் எழுதிய ஒரு கத்தோலிக்கப் பெயரே பல யூதர்களுக்கு உயிர்காக்கும் கவசமாயிற்று. இன்னொரு ஸ்லாவிய நாடாகிய பல்கேரியாவில் 1984-85-இல் இலட்சக்கணக்கான துருக்கிய முஸ்லிம்களின் பெயர்களை அரசு வலுக்கட்டாயமாக மாற்றியது. கல்லறைக் கற்களில் இருந்த பெயர்களையும் அது விட்டுவைக்கவில்லை.

இவற்றை ஒப்பு நோக்கும்போது ஓர் உண்மை புலனாகும். அஹ்மதுக்கு 'ஓவிச்' என்ற ஈறு சேர்ந்தபோது அஹ்மத் அழியவில்லை. அண்டை அயலாரின் நாவில் அவர் இடம் பெற்றார். பல்கேரியாவிலோ அஹ்மதையே அழிப்பதுதான் நோக்கமாக இருந்தது. ஈறு மாறுவது வேறு. வேர் பறிக்கப்படுவது வேறு.

வகுப்பறைக்கு மீண்டும்

இத்தனையும் அறிந்தபின் அம்மாணவரை அழைத்து நாம் விடை கூறினோம். தோமாஷ் என்பது தோமா. அரமாயிக் மொழியில் அதன் பொருள் இரட்டையருள் ஒருவர். அரபில் 'தவ்அம்' என்று நாம் பாடத்தில் படிக்கும் அதே சொல். மிஷ்கியெவிச் என்பதில் இருப்பது மிஷ்கோ. அது மீஹாவ் என்பதன் சுருக்கம். மீஹாவ் என்பது திருக்குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தில் பெயர் கூறப்படும் வானவர் மீகாயீல் (அலை) அவர்களின் பெயர். ஆக, நீங்கள் கேட்டுச் சிரித்த பெயரை அரபில் பெயர்த்தால் 'தவ்அம் இப்னு மீகாயீல்' என்று வரும். இதில் நகைப்பதற்கு என்ன இருக்கிறது?

அவர் வாயடைத்து நின்றார். அவரை நாணச் செய்வது நம் நோக்கமன்று. ஆகவே மேலும் இரண்டு செய்திகளை நினைவூட்டினோம். நாம் நாள்தோறும் ஓதும் அரபு இலக்கணத்தின் பேராசான் ஸீபவைஹி, அப்பெயர் பாரசீகம். ஸஹீஹ் புகாரீயைத் தொகுத்த இமாம் (ரஹ்) அவர்களின் முன்னோர் வரிசையில் பர்திஸ்பஹ் என்று ஒரு பெயர் வருகிறது. அதுவும் அரபுச் சொல் அன்று. இவற்றால் அவ்விருவருக்கும் எந்தக் குறையும் நேரவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மாற்றியமைத்த பெயர்களைப் பார்த்தாலும், 'மாறு செய்பவள்' என்று பொருள்படும் ஆஸியா என்ற பெயரை 'அழகியவள்' என்று பொருள்படும் ஜமீலா என மாற்றியதைக் காண்கிறோம். இரண்டுமே அரபுப் பெயர்கள்தாம். அங்கு நோக்கப்பட்டது மொழியன்று, பொருளே.

மனிதர்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்கே என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் உணர்த்துகிறது. அதே அத்தியாயம் பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதையும் தடுக்கிறது. அறிதலுக்கு முதல் வாயில் பெயர். அவ்வாயிலிலேயே நின்று நகைப்போர் உள்ளே நுழைவதில்லை.

போலந்துத் தாதாரியர் இன்று சில ஆயிரம் பேரே. 1945-க்குப் பின் எல்லைகள் மாறியபோது அவர்களின் ஊர்களுள் பெரும்பாலானவை சோவியத் நாட்டிற்குள் சென்றுவிட்டன. எஞ்சிய போஹோனிகி ஊரின் அடக்கத்தலத்தை அவர்கள் 'மிஸார்' என்கின்றனர். நம் 'மஸார்' என்ற சொல்லே அது. அங்குள்ள நடுகற்களில் மேலே பிறையும் அரபு எழுத்துகளும், கீழே 'ஓவிச்' என்றும் 'ஸ்கி' என்றும் முடியும் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. மொழியை இழந்தும் ஆறு நூற்றாண்டுகளாகக் கலிமாவை இழக்காத ஒரு சமுதாயத்தின் வரலாறு அக்கற்களில் எழுதப்பட்டிருக்கிறது. அதனைப் படிக்க நமக்கு இரண்டு எழுத்து முறைகளும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அம்மாணவர் ஒரு தாளை நம்மிடம் நீட்டினார். தம் பெயரையும், தந்தை, பாட்டனார் பெயர்களையும் எழுதி, ஒவ்வொன்றின் பொருளையும் எதிரே குறித்திருந்தார். பாட்டனாரின் தந்தை பெயருக்கு நேரே மட்டும் இடம் வெறுமையாக இருந்தது. "வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, உஸ்தாத். பெரியம்மாவிடம் கேட்டு வருகிறேன்" என்றார்.